சொல்லி முடிக்கிற வரை

பெருங்களத்தூரிலிருந்து குரோம்பேட்டை வரை எந்தக் கிறிஸ்தவக் கல்யாணம் நடந்தாலும் வரவேற்பு மேடையில் மைக் ஜெபசீலன் கையில்தான் இருக்கும். மணமக்களை மேடைக்கு அழைப்பது, கேக் வெட்டும்போது கூட்டத்தைச் சிரிக்க வைப்பது, பந்தி தாமதமானால் அது யாருக்கும் உறைக்காதபடி பேசியே ஓட்டுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. வார நாள்களில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர். ஞாயிற்றுக்கிழமையானால் சபைச் செயலாளர்; ஆராதனையில் அறிவிப்புகளை வாசிப்பவர். ஜெபசீலன் சார் வாசித்தால் கரண்டு கட் நோட்டீஸ்கூடக் கேட்க நன்றாக இருக்கும் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. அதை அவரே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

அப்படிப்பட்டவர் தன் மகனுக்கு ஆரோன் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை. வேதத்தில் மோசேக்குப் பேச்சு வராது. அவனுக்காகப் பேசுகிறவன் அவன் அண்ணன் ஆரோன். "என் பையன் பேசினா ஊரே நின்னு கேக்கும், பாருங்க" என்று ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்.

அக்கா ஜென்சியைப் போலவே ஆரோனும் அந்தந்த வயதில் பேசத்தான் செய்தான். பள்ளிக்கூடம் சேர்த்த சமயத்தில் ஒருநாள், தண்ணீர் வேண்டும் என்று கேட்க வந்தவனுக்கு முதல் எழுத்திலேயே சொல் மாட்டிக்கொண்டது. விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்தார்கள். பிறகு அது நிற்கவே இல்லை. நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தார்கள். உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப் போனார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் மாதக்கணக்கில் அழைத்துப் போனார்கள். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

மகன் ஒரு சொல்லுக்காகத் தவிக்கும் முகத்தை ஜெபசீலனால் பார்க்க முடியாது. உதடு இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் எங்கோ ஒரு மூலைக்குப் போகும். அந்த இடத்தில் அவர் புகுந்துவிடுவார். பல் டாக்டர், கடைக்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர் என்று யார் என்ன கேட்டாலும் ஆரோன் வாய் திறக்க, மிச்சத்தை அப்பா சொல்லி முடிப்பார். மகன் தலையாட்டுவான். "பொறந்தா இப்படி ஒரு அப்பாவுக்குப் பொறக்கணும்" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஜெபசீலனும் அப்படித்தான் நம்பினார். தகப்பன்மார் தினத்துக்கென்று ஒரு வருஷம் சபையில் பேசச் சொன்னபோது, நாம் கேட்கும் முன்னே நமக்கு என்ன வேண்டுமென்று பரலோகத் தகப்பனுக்குத் தெரியும், பூமியில் இருக்கிற தகப்பனும் அப்படி இருக்க வேண்டும் என்று பேசினார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இந்த வருஷம் ஆரோன் பிளஸ் டூ முடித்தான். நல்ல மார்க். ஜெபசீலன் தன் கல்லூரி முதல்வரிடம் பேசி கம்ப்யூட்டர் சயின்ஸில் ஒரு சீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

வாலிபப் பிள்ளைகளே ஆராதனையை நடத்துகிற வாலிபர் ஞாயிறு வருவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை வாசலில் அவரை ஆல்வின் மடக்கினான். வாலிபர் சங்கத்துச் செயலாளர் அவன். வாய் ஓயாத நல்ல பிள்ளை.

"சார், ஆரோனுக்கு நல்லா பிராக்டிஸ் கொடுத்துட்டீங்கல்ல?"

"எதுக்குப்பா?"

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க? ஞாயித்துக்கிழமை ஆராதனையில முதல் வேதபாடம் அவன்தானே வாசிக்கிறான்!"

ஜெபசீலன் பாதி டீயை அப்படியே கடை மேடையில் வைத்தார். ஆல்வினிடம் சிரித்துச் சமாளித்துவிட்டு நேராக ஸ்கூட்டரை ஆயர் வீட்டுக்கு விட்டார்.

ஆயர் ஆஸ்டின் சபைக்கு வந்து அதிக நாளாகவில்லை. ஜெபசீலனைவிட வயதில் இளையவர். வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணே. என்ன, மூச்சு வாங்குது?"

"ஐயா, ஆரோன் பேரைப் பாடம் வாசிக்கக் கொடுத்திருக்காங்களாம். யாரோ தெரியாமக் கொடுத்திருக்காங்க. அதைக் கொஞ்சம் மாத்திடுங்க. அவன் வேணும்னா காணிக்கை எடுக்கட்டும்."

ஆயர் துணியைப் பிழிந்து ஹேண்டில்பாரில் போட்டார். "யாரும் கொடுக்கலைண்ணே. அவனே வந்து கேட்டான்."

"அவனேவா?"

"அவனேதான். கேட்டு முடிக்கக் கொஞ்ச நேரமாச்சு. ஆனா கேட்டான். எந்தப் பகுதின்னும் அவன்தான் சொன்னான். முட்செடி எரியுற இடத்துல மோசே, எனக்குப் பேச வராது, வேற ஆளை அனுப்புங்கன்னு ஆண்டவர்கிட்ட மல்லுக்கு நிப்பானே, அது."

ஜெபசீலன் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நடுவுல நின்னு போயிட்டான்னா ஐயா? அத்தனை பேர் முன்னாடி? பசங்க சிரிச்சுட்டா? அவன் மனசு உடைஞ்சு போயிடும். ஒரு தகப்பனா நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பேன்? அவனுக்கு எது முடியும், எது முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. நீங்க அன்னைக்குப் பேசினதைக்கூட எனக்குச் சொல்லியிருக்காங்க. கேக்குறதுக்கு முன்னாடியே தகப்பனுக்குத் தெரியும்னு." ஆயர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும், நீங்க வாயைத் திறந்து கேளுங்கன்னுதானே சொல்றார்? நாம திக்கித் திணறி ஜெபம் பண்ணும்போது, சீக்கிரம் சொல்லு, எனக்குத்தான் தெரியுமேன்னு ஒரு நாளாவது குறுக்க வந்திருக்காரா?"

ஜெபசீலன் எழுந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

"அவன் வந்து சொன்னா மாத்திடலாம். நீங்க சொல்லி நான் மாத்த மாட்டேன். நீங்க அவன்கிட்டயே பேசுங்க."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பேச்சை எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் மகனும் இல்லை, மகளும் இல்லை.

"ரெண்டும் ஏரிக்கரைக்குப் போயிருக்கு" என்றாள் மனைவி ஞானஜோதி. அனகாபுத்தூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சர் அவள். சனிக்கிழமையானதால் நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உனக்குப் பாடம் வாசிக்கிற விஷயம் தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவனே சொல்லணும்னு இருந்தான். நீங்க எங்க அவனைச் சொல்ல விட்டீங்க? 'அப்பா, ஞாயித்துக்கிழமை'ன்னு ஆரம்பிச்சான். 'ஆமாப்பா, பிரியாணி செஞ்சிடலாம்'னு நீங்களே முடிச்சுட்டுப் போயிட்டீங்க."

ஜெபசீலன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் காலைநடைக்காரர்கள் கூட்டம் குறைந்திருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடிப்பது அங்கே மெல்லிசாகத்தான் கேட்கும். கரை வளைகிற இடத்தில், வேலிகாத்தான் மரங்களுக்கு அந்தப் பக்கம், மகனின் முதுகு தெரிந்தது. தண்ணீரைப் பார்த்து நின்றபடி வேதப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தான். கீழே ஒரு கல்லில் ஜென்சி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலைக்குப் போகிற பெண். வாரத்தில் தூங்குவதற்குக் கிடைக்கிற ஒரே காலை அவளுக்கு அதுதான்.

ஜெபசீலன் மரத்தடியிலேயே நின்றுவிட்டார்.

ஆரோன் ஒரு வரியை வாசித்தான். அடுத்த வரியில் ஒரு சொல் மாட்டிக்கொண்டது. தோள் ஏறியது. ஜெபசீலனுடைய வாய் தானாகவே அந்தச் சொல்லின் வடிவத்துக்கு வந்தது. ஆனால் ஜென்சி ஒன்றும் சொல்லவில்லை. தம்பியைப் பார்த்தபடியே ஒரு கடலையை வாயில் போட்டாள். முகத்தில் பரிதாபமும் இல்லை, அவசரமும் இல்லை. சிக்னலில் நிற்கிறவளைப் போல, பச்சை விழும் என்று தெரிந்தவளைப் போல இருந்தாள். சொல் வந்தது. அவன் மேலே போனான்.

இப்படி இவள் எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறாளோ என்று ஜெபசீலன் நினைத்தார். தன் மகன் ஒரு முழுப் பத்தியைத் தொடர்ந்து பேசி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அவனுடைய குரல் கனமாக, கட்டையாக, நன்றாக இருந்தது. அந்தக் குரல் எப்போது உடைந்தது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

காலடியில் சருகு நொறுங்க, ஜென்சி திரும்பினாள். "அப்பா!"

ஆரோன் புத்தகத்தை மூடினான்.

"இல்ல, இல்ல, நீ படிப்பா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். என்ன பேச வந்தோம் என்பதே கலைந்துவிட்டிருந்தது. "ஆல்வின் சொன்னான். நான் ஆயர்கிட்டப் போய்… உன் பேரை எடுத்துடச் சொன்னேன்."

மகனுடைய முகம் சிவந்தது. "ஏ… ஏ… ஏன்…"

"உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடா…" என்று தொடங்கியவரின் கையை ஜென்சி பிடித்தாள்.

"அப்பா, அவன் இன்னும் முடிக்கல."

ஜெபசீலன் வாயை மூடிக்கொண்டார். மூடி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஏன்ப்பா எ… என்கிட்டக் கேக்கல?" என்றான் ஆரோன். பிறகு, அணை திறந்தது மாதிரி இல்லை, அடிபம்பில் தண்ணீர் வருவது மாதிரி, விட்டு விட்டுப் பேசினான். "எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் நீங்க பேசுறீங்க. எனக்கு அது தெ… தெரியும்ப்பா. ஆனா நீங்க சொல்லி முடிக்கிறது நிறைய நேரம் நான் சொல்ல வ… வந்ததே இல்லை."

"என்னப்பா சொல்ற?"

"பிளஸ் ஒன் சேரப் போனோமே. ஹெட்மாஸ்டர் என்ன குரூப்னு கேட்டார். நான் க… கா…"

"கம்ப்யூட்டர்" என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது ஜெபசீலனுக்கு. அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. அன்றைக்குச் சொல்லியும் விட்டார். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஏரியில் ஒரு நீர்க்கோழி முங்கி, வேறெங்கோ எழுந்தது.

"கா… காமர்ஸ்" என்றான் ஆரோன். "நான் சொல்ல வந்தது காமர்ஸ்."

ஜெபசீலன் மகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"ரெண்டு வருஷமா ஏன்டா சொல்லல?"

"நீங்க அவ்வளவு ச… சந்தோஷமா சொன்னீங்க. அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க."

அவர் கல்லில் உட்கார்ந்தார். ஜென்சி கடலைப் பொட்டலத்தை நீட்டினாள், வாங்கிக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் மெச்சிய தகப்பன், மகனுடைய வாயிலிருந்தே அவன் சொல்லைப் பிடுங்கி, அந்த இடத்தில் தன் சொல்லை வைத்திருக்கிறான். ஒருதரம் இல்லை. இன்னும் எத்தனை இருக்குமோ? எந்தச் சட்டை, எந்தச் சாப்பாடு, எந்தப் பள்ளிக்கூடச் சுற்றுலா?

"இப்ப என்ன படிக்கணும் உனக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நேரம் பிடித்தது. பி.காம். படிக்க வேண்டும், கூடவே ஆடிட்டர் பரீட்சைக்குத் தயார் செய்ய வேண்டும், தாம்பரத்திலேயே எந்தக் கல்லூரி என்றுகூட அவன் விசாரித்து வைத்திருக்கிறான். கணக்கில் பொய் இருந்தால் தனக்கு உடனே கண்ணில் படுகிறதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் திக்கவில்லை; சிரித்தான்.

"சரி" என்றார் ஜெபசீலன். "முதல்வர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், சீட் வேணாம்னு." எழுந்து மகனுக்கு முன்னால் வந்து நின்றார். "என்னை மன்னிச்சிருப்பா."

ஆரோன் பதறிப்போனான். "ஐயோ அப்பா, வி… வி…"

விடுங்க என்றுதான் வரும். ஆனாலும் அவர் நின்று கேட்டார்.

"விடுங்கப்பா."

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. வாலிபர் ஞாயிறென்றால் வழக்கமாகவே கூட்டம் வரும். பிள்ளைகள் கிட்டார், டிரம்ஸ் என்று முன்வரிசையை அடைத்திருந்தார்கள். ஜெபசீலன் இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். ஒருபக்கம் ஞானஜோதியும் ஜென்சியும், பின்வரிசையில் ஆல்வின். மேடையில் நின்று எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் பேசியவருக்கு, உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

"முதலாம் பாடத்தை வாசிப்பவர், ஆரோன்" என்றார் ஆயர்.

வெள்ளைச் சட்டை போட்ட மகன் எழுந்து நடந்தான். மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான், அவசரப்படவில்லை. பிறகு வாசிக்கத் தொடங்கினான்.

முதல் சில வரிகள் தடையில்லாமல் போயின. அந்தக் கனமான குரல் கோயிலின் கடைசி பெஞ்சுவரை போனதை ஜெபசீலன் உணர்ந்தார். பிறகு மோசேயின் பெயரிடம் நின்றான், கடந்தான். எனக்கு நாவு மந்தம் என்று மோசே முறையிடும் இடத்தில் இன்னொரு தரம் நின்றான். பின்னால் யாரோ இளைஞர்கள் குசுகுசுவென்றார்கள். அது உடனே அடங்கிவிட்டது. இந்தப் பையன் எதைப் பற்றி வாசிக்கிறான், ஏன் இதை எடுத்துக்கொண்டான் என்று ஜனங்களுக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. பாட்டுப் புத்தகம் புரட்டுகிற சத்தம்கூட இல்லை.

கடைசிப் பகுதி வந்தது. உனக்காகப் பேச உன் அண்ணன் இருக்கிறானே என்று ஆண்டவர் சொல்லும் இடம். அண்ணனுடைய பெயரைச் சொல்ல வேண்டும்.

"ஆ…"

திக்குகிறவர்களுக்குத் தங்கள் சொந்தப் பெயர்தான் எல்லாவற்றையும்விடக் கடினம் என்று அந்தப் பேச்சுப் பயிற்சி அம்மா ஒருமுறை சொல்லியிருந்தார்.

"ஆ… ஆ…"

உதடு இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் ஒரு மூலைக்குப் போனது. மைக்கில் வெறும் மூச்சு மட்டும் கேட்டது. வெளியே தாம்பரம் போகிற மின்சார ரயில் ஒன்று கடகடத்து வந்து, கடந்து, தொலைந்தும் போனது. அவன் இன்னும் அங்கேயே நின்றான்.

பின்வரிசையில் ஆல்வின் நல்ல மனசோடு முன்னால் சாய்ந்தான். "ஆரோ…" என்று எடுத்துக்கொடுக்க அவன் வாய் திறந்த கணத்தில், ஜெபசீலன் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி அவனுடைய முழங்கையைப் பிடித்தார்.

"விடுப்பா" என்றார் அடிக்குரலில். "அவன் சொல்லுவான்."

அப்படிச் சொன்னபோது அவருக்குள் இருந்த பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மகனைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல், முகத்தைச் சுளிக்காமல், அவனுக்காக உதட்டை அசைக்காமல் பார்த்தார். இவன் என் பிள்ளை என்று நெஞ்சுக்குள் ஓங்கிச் சொல்லிக்கொண்டார். ஓடிப்போகாமல் அங்கேயே நிற்கிறானே, இவன் என் பிள்ளை. ஆரோனின் கண் அந்த மூலையிலிருந்து மெல்லத் திரும்பி அப்பாவின் மேல் வந்து நின்றது. அவன் மூச்சை விட்டான். மறுபடி இழுத்தான்.

"ஆரோன்" என்றான். தெளிவாக, முழுசாக.

மிச்சத்தை நிதானமாக வாசித்து முடித்தான். பாடம் முடிந்தது என்று சொல்லிப் புத்தகத்தை மூடி, இறங்கி வந்தான். ஆராதனையில் கைதட்டுகிற பழக்கம் அந்தச் சபையில் கிடையாது. அன்றும் யாரும் தட்டவில்லை. ஆனால் "ஆமென்" என்று சபை சொன்னபோது அது கூரையில் போய் இடித்தது. ஞானஜோதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆல்வின் பின்னாலிருந்து, "சார், இப்ப கையை விடலாம், வலிக்குது" என்றான்.

அறிவிப்பு நேரத்தில் ஜெபசீலன் எழுந்துபோய், கண் சிகிச்சை முகாமின் தேதியைப் பெண்கள் கூடுகைக்கும், பெண்கள் கூடுகையின் தேதியைக் கண் சிகிச்சை முகாமுக்கும் மாற்றி அறிவித்தார். சபை சிரித்தது. அவரும் சிரித்தார். இறங்குவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கிவிட்டு, "முதல் பாடம் வாசிச்சது என் மகன்" என்றார். அறிவிப்பில் இல்லாத வரி அது. எல்லாருக்கும் தெரிந்த விஷயமும்கூட. ஆனாலும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஆராதனை முடிந்து வளாகத்தில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். ஆளாளுக்கு வந்து ஜெபசீலன் கையைக் குலுக்கினார்கள். "எப்படி சார் இந்த அளவுக்குக் கொண்டுவந்தீங்க? நீங்க கொடுத்த டிரெய்னிங்கா?" என்று கேட்டார் ஒருவர். "நான் ஒண்ணும் பண்ணலைங்க. அக்காவும் தம்பியும்தான். அவனையே கேளுங்க, அதோ நிக்கிறான்" என்று கையைக் காட்டினார்.

கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஆரோனைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். ஞாயிறு பள்ளி டீச்சர் ஜாஸ்மின் அக்கா எதையோ கேட்டாள். அவன் பதில் சொல்லத் தொடங்கி, நின்றான். ஜாஸ்மின் அக்கா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கூட நின்றவர்களும் காத்திருந்தார்கள். அவன் மறுபடி தொடங்கினான். எதுவோ வேடிக்கையாகச் சொல்லியிருப்பான் போல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஜென்சி பன்னைப் பிய்த்து வாயில் போட்டபடி அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க போய் அவன் பக்கத்துல நிக்கலையா?"

"வேணாம்மா" என்றார் ஜெபசீலன். நிழலுக்காக வண்டி ஸ்டாண்டின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி நின்றார். "இங்கேருந்தே நல்லாக் கேக்குது."